பதினாறு டன் மனிதர்

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிக்கூட விளையாட்டரங்கின் வாசலில் மழைக்கோட்டும் முதுகுப்பையுமாக அறுபது தாண்டிய ஆண்கள் வரிசை கட்டி நின்றால், உள்ளே மாடல் ரயில் கண்காட்சி நடக்கிறது என்று அர்த்தம். வரிசையில் நம்மவர் யார் என்று வாசலில் வைத்துச் சொல்ல முடியாது. உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். பெரியவர்கள் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' என்ற பிரபல எஞ்சின் ஓடும் மேஜையை மொய்ப்பார்கள். பேரப்பிள்ளைகள் தாமஸ் எஞ்சினைத் தேடி ஓடும். இரண்டையும் ஏறெடுத்துப் பார்க்காமல் நேரே போய், மேஜைக் கோடியில் ஒதுக்குப்புறமாக நிறுத்தி வைத்திருக்கும் நாலு அழுக்கு நிலக்கரி வேகன்களுக்கு முன்னால் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிகிறாரே, அவர்தான்.

"நன்றாக இருக்கிறது" என்பார். மேஜைக்குப் பின்னால் நிற்பவர் இதைக் கேட்டு மகிழ்ந்துவிட மாட்டார். அவரும் இதே மாதிரி பல மேஜைகளில் குனிந்தவர். அடுத்து வரப்போவதற்காகக் காத்திருப்பார்.

"ஆனால் மூன்றாவது வேகனில் வெள்ளைக் கோடு தப்பான பக்கம் சாய்ந்திருக்கிறது."

விஷயம் இதுதான். 1950களில் பிரிட்டிஷ் ரயில்வே நிலக்கரி ஏற்றுவதற்காக 16 டன் வேகன்களை 2 லட்சத்துக்கும் மேல் கட்டித் தள்ளியது. நாலு சக்கரம், மேலே மூடியில்லாத ஓர் இரும்புத் தொட்டி, சாம்பல் நிறப் பெயிண்ட். அழகு என்று எதையும் அதன்மேல் குற்றம் சாட்ட முடியாது. வண்டியின் ஒரு முனையில் மட்டும் கதவு இருக்கும். துறைமுகத்தில் வேகனை அப்படியே தூக்கிச் சாய்த்தால் அந்தக் கதவு வழியாகக் கரி கப்பலுக்குள் கொட்டும். கதவு எந்த முனையில் என்று தூரத்தில் நிற்கிற ஆளுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகப் பக்கவாட்டில் ஒரு சாய்வுக் கோடு. கோட்டின் மேல்நுனி எந்தப் பக்கமோ, கதவு அந்தப் பக்கம். தப்பாகப் போட்டால் கரி போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

மேஜை மேலே கப்பல் கிடையாது. துறைமுகமும் கிடையாது. கதவோ பிளாஸ்டிக்கில் உடம்போடு சேர்த்து வார்த்தது, பிரளயம் வந்தாலும் திறக்காது. அதனால் என்ன? தப்பு தப்புதான்.

இவர்களை அங்கே மற்றவர்கள் 'ரிவெட் எண்ணுகிறவர்கள்' என்று கேலி செய்வார்கள். நம்மவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தக் கேலியிலும் ஒரு தகவல் பிழை இருக்கிறது என்பதுதான் அவர் வருத்தம். 16 டன் வேகன்களில் பெரும்பாலானவை வெல்டிங் செய்தவை. எண்ணுவதற்கு அங்கே ரிவெட்டே இல்லை. ரிவெட் அடித்த வகை வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் டீ ஆறிவிடும்.

எஞ்சின்மேல் அவருக்கு மரியாதை குறைவு. கரி வேகனை இழுப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது, அவ்வளவுதான் என்பார். சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால் அதை மறுப்பது கஷ்டம். 1825-ல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில்பாதை போட்டதே கரி சுமக்கத்தான். மனிதர்கள் அப்புறம் ஏறிக்கொண்டார்கள். ஆனால் புகைப்படக்காரர்கள் காலங்காலமாக எஞ்சினையே படம் பிடித்தார்கள். பின்னால் வரும் முதல் வேகன் பாதி தெரியும், மற்றதெல்லாம் புகைக்குள். அந்தப் பாதி வேகனுக்காக நம்மவர் கனத்த எஞ்சின் புத்தகங்களை வாங்கி, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படத்தின் ஓரத்துக்குப் போவார். எஞ்சின் எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "கவனிக்கவில்லை" என்பார்.

தாமஸ் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி மேலும் அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆட்ரியும் மாடல் ரயில் கட்டிக் கண்காட்சிகளுக்கு எடுத்துப்போனவர்தான், நம் ஜாதிதான். அப்படிப்பட்டவர் கதையில் எஞ்சின்களுக்கு நல்ல குணத்தைக் கொடுத்துவிட்டு வேகன்களைப் போக்கிரிகளாக்கிவிட்டாரே! மூன்று தலைமுறைக் குழந்தைகளின் மனத்தில் வேகனுக்குக் கெட்ட பெயர் வந்தது இதனால்தான் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார்.

சாம்பல் நிறம் வருவதற்கு முந்தைய காலம்தான் அவருக்குப் பொற்காலம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கரி வேகன்களில் பெரும்பகுதி ரயில் கம்பெனிகளுக்குச் சொந்தமில்லை. சுரங்க முதலாளிகள், ஊர் ஊராகக் கரி விற்ற வியாபாரிகள், கூட்டுறவுச் சங்கங்கள், எரிவாயு ஆலைகள் என்று ஆளாளுக்கு வேகன் வைத்திருந்தார்கள். மரப்பலகை உடம்பு; சிவப்பு, கறுப்பு, பச்சை. பலகை முழுக்க நிழல் விழுகிற மாதிரி எழுதிய கொட்டை எழுத்தில் முதலாளி பெயர். கீழ் மூலையில் பொடி எழுத்தில், காலியானதும் எந்தச் சுரங்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற விலாசம். 1939-ல் போர் வந்ததும் அரசாங்கம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பொதுவில் ஓட விட்டது. 1948-ல் ரயில்வே நாட்டுடைமை ஆனபோது அப்படிக் கைமாறியவை 5 லட்சத்துக்கும் மேல். அதற்குப் பிறகு யாரும் அவற்றுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. உடைந்த பலகைக்குப் பதில் வெறும் பலகை ஏறியது. பெயரின் நடு எழுத்துகள் காணாமற்போயின. நம்மவரிடம் போய் 1930களின் ரயில் நிலையம் ஒன்று கட்டியிருக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "1939-ஆ? ஆகஸ்டா, டிசம்பரா?" என்பார்.

இவ்வளவு கறாரான மனிதரின் அஸ்திவாரத்திலேயே ஒரு பெரிய பொய் கிடக்கிறது. அதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பிரிட்டனில் பெரும்பாலானோர் கட்டுவது 'டபுள் ஓ' அளவு: நிஜத்தின் 1 அடிக்கு 4 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் நம் 16 டன் வேகன் 66 மில்லிமீட்டர் நீளம் வரும், சரி. ஆனால் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 4 அடி 1½ அங்குலம். நிஜத் தண்டவாளம் 4 அடி 8½ அங்குலம். ஏழு அங்குலம் எங்கே போயிற்று? ஐரோப்பாவில் 1 அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்று வைத்து இந்தத் தண்டவாளத்தைச் செய்தார்கள். பிரிட்டிஷ் எஞ்சின்கள் நிஜத்திலேயே ஒடுக்கமானவை. அந்த அளவில் அன்றைய மோட்டார் உள்ளே நுழையவில்லை. உடம்பைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள். இந்த அவமானம் பொறுக்காத சிலர் 18.83 மில்லிமீட்டருக்கு ஓடிப்போய், எல்லாச் சக்கரத்தையும் மாற்றி, ஆயுள் முழுக்கப் பத்தடிப் பாதை போட்டு முடித்தார்கள். நம்மவர் போகவில்லை. கோடு சாய்ந்திருப்பது கண்ணில் குத்துகிறவருக்கு, ஏழு அங்குலம் காணாமற்போனது மட்டும் கண்ணில் படாது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மழை வருமா என்று விசாரிப்பார்.

அவர் முதுகுப்பையுடன் கண்காட்சிக்கு வருவது ரயில் பார்க்க இல்லை, கிட் வாங்க. அதாவது பாகம் பாகமாகப் பாக்கெட்டில் போட்டு விற்கும் வேகன். வீட்டில் உட்கார்ந்து ஒட்டியோ, பற்றவைத்தோ, திட்டியோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கிட் செய்கிறவர் என்றதும் ஆலை, சங்கு, மேனேஜர் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் ஒரு கொட்டகை, அதற்குள் ஒரு மனிதர். அவரே முதலாளி, அவரே டிராயிங் போடுகிறவர், உலோகத்தை உருக்கி ரப்பர் அச்சில் ஊற்றுகிறவர், பாக்கெட்டுக்குப் பின் அடிக்கிறவர், தபாலாபீசுக்கு நடக்கிறவர். பென்ஷன் வாங்கிய பிறகு ஆரம்பித்தது. தனக்கு ஒரு வேகன் வேண்டியிருந்தது, எங்கேயும் கிடைக்கவில்லை, அச்சு வெட்டினார். ஒன்றுக்கு வெட்டினாலும் ஐம்பதுக்கு வெட்டினாலும் அச்சுக்கு ஆகிற பாடு ஒன்றுதானே? மீதி நாற்பத்தொன்பதை விற்கலாம் என்று மேஜை போட்டு உட்கார்ந்தவர், இன்னும் எழுந்தபாடில்லை.

கண்காட்சியில் அவர் மேஜை கழிப்பறைக்குப் போகிற வழியில் இருக்கும். நம்மவர் அங்கே போய் நிற்பார். ஒருவரை ஒருவர் முப்பது வருஷமாகத் தெரியும். வணக்கம் சொல்லிக்கொள்கிற வழக்கமில்லை.

"எட்டுப் பலகை வேகன் இருக்கிறதா?"

"இல்லை."

"எப்போது வரும்?"

"அச்சு தேய்ந்துவிட்டது. புதிதாக வெட்ட வேண்டும்."

"எப்போது வெட்டுவீர்கள்?"

"சமையலறையில் டைல்ஸ் ஒட்டச் சொல்லியிருக்கிறாள். அது முடிந்ததும்."

"போன வருஷமும் டைல்ஸ் என்றுதானே சொன்னீர்கள்?"

"போன வருஷம் குளியலறை."

இருவரும் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு வியாபாரி கேட்பார்: "ஏழு பலகை இருக்கிறது. எந்தச் சுரங்கத்துக்கு?" பெயரைச் சொன்னால் முகம் சுளிப்பார். "அவர்களுடையதில் முனைக்கதவு கிடையாதே. இது முனைக்கதவு உள்ளது. உங்களுக்கு இது வேண்டாம்." கையில் எடுத்த பாக்கெட்டை வாங்கித் திரும்ப அடுக்கிவிடுவார். வந்த வாடிக்கையாளரை விரட்டுவதில் இவ்வளவு சிரத்தை காட்டும் வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம்மவரோ இதை உபசாரமாக எடுத்துக்கொள்வார். "எவ்வளவு நேர்மை பார்த்தீர்களா!" என்று சொல்லி, விரட்டப்பட்ட சந்தோஷத்தில் வேறு இரண்டு பாக்கெட் வாங்குவார்.

பாக்கெட்டைப் பிரித்தால் அடுத்த கட்டம். மடித்த அட்டைக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: முடிப்பதற்குத் தேவையானவை தனி. சக்கரம் தனி. சக்கரத்தின் ஊசிமுனை உட்காரும் பித்தளைப் பேரிங் தனி. கொக்கியும் மூன்று வளையச் சங்கிலியும் தனி. எழுத்துகள் தனி, பெயிண்ட் தனி, பசை உங்கள் பாடு. இதில் ஒவ்வொன்றையும் செய்கிறவர் வேறொரு மாவட்டத்தில் வேறொரு கொட்டகையில் இருக்கும் வேறொரு பெரியவர். சக்கரக்காரருக்குக் கண் ஆபரேஷன். சங்கிலிக்காரர் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போயிருக்கிறார். ஆக, ஒரு முழு வேகன் உருவாக வேண்டுமென்றால் இங்கிலாந்தில் நாலு கிழவர்கள் ஒரே சமயத்தில் ஆரோக்கியமாக இருக்க வேண்டும்.

செய்முறைத் தாள் தட்டச்சு செய்த காகிதம். நகலுக்கு நகல் எடுத்ததில் படமெல்லாம் மேகமாகியிருக்கும். முதல் வரி: "அடிச்சட்டத்தை வழக்கமான முறையில் பொருத்தவும்." எந்த வழக்கம்? யாருடைய வழக்கம்? தெரிந்தவருக்குத் தாளே தேவையில்லை. தெரியாதவருக்கு அதனால் பிரயோஜனமில்லை. ஆனாலும் நம்மவர் அதைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டுக் கோப்பில் வைப்பார்.

இந்தத் தொழிலில் பெரிய செய்தி என்றால் ஓய்வுதான். கொட்டகைக்காரர் ஒருவர் நிறுத்தப்போகிறாராம் என்று காதில் விழுந்தால் போதும், சந்தை கலவரமாகிவிடும். அச்சுகள் நல்ல கைக்குப் போவதும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஃபைஃப் பக்கம் இருந்த பார்க்சைட் டண்டாஸ் என்ற சின்ன நிறுவனத்தின் பிளாஸ்டிக் வேகன் கிட்களை, டெவன் கடலோரத்தில் பீர் என்ற ஊரில் இருக்கும் பெக்கோ நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய 16 டன் வேகன் அச்சு டாப்போல் என்ற நிறுவனத்திடம் போனது. நம்மவர் பையனாக இருந்தபோது பசைக் கைரேகையோடு ஒட்டிய முதல் வேகன் அதுதான். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. எத்தனையோ அச்சுகள் ஏதோ ஒரு மருமகனின் கார் ஷெட்டில் பழைய பெயிண்ட் டப்பாக்களுக்கு அடியில் கிடக்கின்றன. ஆகையால் நம்மவர் முன்னெச்சரிக்கையாக வாங்கிக் குவிக்கிறார். பரண் நிறைந்து, விருந்தினர் அறைக் கட்டிலுக்கு அடியும் நிறைந்தாகிவிட்டது. இப்போதைய வேகத்தில் கட்டினால் கடைசிக் கிட் முடியும்போது அவருக்கு 240 வயது ஆகும். "நிறைய வைத்திருக்கிறீர்களே" என்று யாராவது சொன்னால் புண்பட்டுப் போவார். ஒரு சாதாரணச் சுரங்கத்திலேயே நூற்றுக்கணக்கில் வேகன் இருந்ததே! தன்னுடையது மிகவும் சிக்கனமான சுரங்கம் என்பது அவர் எண்ணம்.

கட்டவே மாட்டார் என்று நினைக்காதீர்கள். கட்டுவார். நவம்பரில் மழை விடாமல் பெய்யும் இரவுகளில், விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, பிரேக்கில் ஆரம்பிப்பார்.

கரி வேகனின் பிரேக் ஒரு தனி வேதாந்தம். வண்டியின் இரண்டு பக்கமும் நீளமான கைப்பிடி உண்டு. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பார்ப்பவரின் வலது கோடியில்தான் கைப்பிடி இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. எந்தக் கைப்பிடியை அழுத்தினாலும் பிரேக் பிடிக்க வேண்டும். ஆனால் இரண்டும் சேர்வது நடுவிலுள்ள ஒரே குறுக்குத் தண்டில். இந்தப் பக்கம் அழுத்தினால் தண்டு ஒரு திசையில் சுற்றும். அந்தப் பக்கம் அழுத்தினால் எதிர்த் திசையில். பிரேக் பிடிப்பதற்குப் பதில் விட்டுவிடும். அதனால் ஒரு பக்கத்தில் மட்டும், திசையைத் திருப்பிவிட மோர்ட்டன் கிளட்ச் என்ற ஒரு சின்ன அமைப்பு. கிட்டில் அது பித்தளையில் கடுகளவு இருக்கும். இடுக்கியால் எடுத்து, மூச்சைப் பிடித்து, சால்டரிங் அயர்னைக் கொண்டுபோகிற அந்தக் கணத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். கிளட்ச் கம்பளத்தில் எங்கோ விழுந்துவிட்டது. டார்ச்சைப் பற்களில் கடித்துக்கொண்டு மண்டியிட்டுத் தேடுவார். அரை மணி தேடியதில் கிடைக்கும்; ஆனால் அது பல வருஷங்களுக்கு முன்பு வேறொரு வேகனிலிருந்து விழுந்தது. அதையும் டப்பாவில் போட்டுக்கொள்வார்.

எல்லாம் முடிந்ததும் வேகனை முகம் பார்க்கும் கண்ணாடி மேல் நிறுத்துவார். நாலு சக்கரமும் ஒரே தளத்தில் நிற்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. மூன்று நிற்கும். நாலாவது, தரையைத் தொட விருப்பமில்லாமல் தூக்கிக்கொண்டிருக்கும்.

பிறகு கரி ஏற்ற வேண்டும். கறுப்புப் பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக்கை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். கரி மாதிரித் தெரிய கரியால்தான் முடியும் என்பார், அது உண்மைதான். நிஜக் கரியைப் பழைய காலுறைக்குள் போட்டு, கொல்லைப்புறப் படியில் வைத்துச் சுத்தியலால் நொறுக்கி, சலித்து, பசையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி நிறுத்த வேண்டும். மனைவிக்கு இந்தப் பொழுதுபோக்கில் உள்ள ஒரே ஆட்சேபணை, காலுறை எப்போதும் நல்ல ஜோடியிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதே. மற்றபடி மனிதர் மாடியில் இருக்கிறார், சத்தமில்லை. அந்த அம்மாள் தெருவில் உள்ள வேறு சில கணவர்களைப் பார்த்தவர்.

சங்கடம் என்னவென்றால், இன்றைய இங்கிலாந்தில் கரிதான் கிடைப்பதில்லை. யார்க்‌ஷயரில் கெல்லிங்லி சுரங்கம் 2015 டிசம்பரில் மூடியதோடு கரிக்கான ஆழ்சுரங்கம் என்பதே நாட்டில் இல்லாமற்போனது. வீட்டு அடுப்புக்குச் சாதாரணக் கரி விற்பதையும் 2023-க்குள் முழுக்க நிறுத்தினார்கள். 1882-ல் லண்டன் ஹோல்பர்னில் கரி எரித்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்த நாடு, 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் மின்நிலையத்தை அணைத்து அந்தக் கணக்கை முடித்தது. இப்போது நாட்டில் ஒழுங்காக நேரத்துக்குக் கரி ரயில் ஓடுவது நம்மவரின் விருந்தினர் அறையில்தான். அதுவும் காற்றாலை மின்சாரத்தில். நீராவி எஞ்சின்களை ஓட்டிக்காட்டும் பழமைப் பாதை ஒன்றின் ஷெட் ஓரமாகப் போய், ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்து ஒரு கட்டி எடுத்துவருவார். யார்க்‌ஷயர் வேகனில் ஏற்ற யார்க்‌ஷயர் கரி இல்லையே என்ற உறுத்தல் மட்டும் தீராது.

சுரங்கங்கள் மூடியதில் எத்தனையோ ஊர்கள் சோறில்லாமல் நின்றன. அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. 1984-ல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேட்டால், அந்த வருஷம் 16 டன் வேகன்கள் எவ்வளவு குறைந்துவிட்டன என்று சொல்லுவார். கல்நெஞ்சம் இல்லை. அவருக்குத் துக்கமும் அந்த அளவில்தான் வரும்: 1 அடிக்கு 4 மில்லிமீட்டர்.

இப்படிப் பல நவம்பர்கள் உழைத்து, பித்தளையில் ஓர் அபூர்வ வகை வேகனை அவர் முடித்த அதே வாரத்தில், பெரிய கம்பெனி ஒன்று அதே வேகனைச் சீனாவில் செய்து, பெட்டியோடு, பெயிண்டோடு, ஓடத் தயாராக விற்கப்போவதாக அறிவிக்கும். இது தவறாமல் நடக்கும். வேறொருவனாக இருந்தால் அழுதிருப்பான். நம்மவர் முதல் நாளே போய் ஒன்று வாங்கிவருவார், தப்புக் கண்டுபிடிக்க. பூதக்கண்ணாடி, அளவுகோல், புகைப்படங்கள் எல்லாம் மேஜைமேல் ஏறும். கோடு சரி. கைப்பிடி இரண்டும் வலது கோடியில். கிளட்ச் கூட இருக்கிறது, சரியான பக்கத்தில். இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கி வரும்போது முகம் தொங்கிக்கிடக்கும். "உடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்பாள். பதில் வராது.

நள்ளிரவு தாண்டி மாடியில் ஒரு கனைப்பு கேட்கும். கதவுத் தாழ்ப்பாள் அரை மில்லிமீட்டர் கீழே இருக்கிறது!

விடிந்ததும் கொட்டகைக்காரருக்கு ஃபோன். "கேட்டீர்களா விஷயத்தை? அந்தப் புது வேகனில் தாழ்ப்பாள் அரை மில்லிமீட்டர் கீழே! இவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு நல்ல டிராயிங்கைப் பார்த்துச் செய்யக் கூடாதா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு:

"பார்த்துத்தான் செய்தார்கள். என் டிராயிங்கைத்தான் கேட்டு வாங்கிப்போனார்கள்."

"அப்படியானால் நான் கட்டினதில்?"

"அதிலும் அரை மில்லிமீட்டர் கீழேதான். திருத்திய தாழ்ப்பாள் தனியாகப் போடலாம் என்று இருக்கிறேன். ஒரு பாக்கெட்டில் நாலு."

"எப்போது வரும்?"

"ஹாலில் வால்பேப்பர் ஒட்டச் சொல்லியிருக்கிறாள்."

"சரி, எனக்குப் பத்துப் பாக்கெட் எடுத்து வையுங்கள்."